ஹைலக்ஸ் புல் பாருக்குப் பிறக்கெற் நாங்களே அடிக்கலாமோ?

நெடுங்கேணி ஹைலக்ஸ்:
பழைய ஹைலக்ஸ் டபிள் கப். ஒன்றரை இஞ்சிக் குழாயில செய்த புல் பார் கைவசம் இருக்கு, 24 கிலோ. அதைச் செசியோட (வாகனத்தின்ர அடிச்சட்டம்) பூட்டுற பிறக்கெற் இல்லை. புளியங்குளம் – நெடுங்கேணி றோட்டால இறங்கி வயல் பாதைக்குள்ள போகேக்க ஈச்சம்பத்தை லைற்றையும் கிறிலையும் உரசுது, அதுக்குத்தான் பார். செசியின்ர ரெண்டு முன் நுனியிலயும் இழுவைக் கொளுக்கி பூட்டுற ஓட்டை ரெண்டு ரெண்டு இருக்கு. எத்தினை மிமீ தகடு போடலாம்? வெல்டிங் கடையில செசியோட நேரா ஒட்டலாம் எண்டு சொல்லுகினம். சரியோ?

மாங்குளம் பட்டறை:
செசியில ஒட்ட விடாதேங்கோ தம்பி. ஒட்டின இடத்துக்கு ஓரமா சூடு பட்ட இரும்பு குணம் மாறியிடும். கிரவல் றோட்டு அதிர்வில வெடிப்பு அந்த ஓரத்திலதான் தொடங்கும். கொளுக்கி ஓட்டையிலயே பூட்டுங்கோ.

தகடு 8 மிமீ. பார் செசி நுனியில இருந்து 30 செமீ முன்னுக்கு நிண்டால், குழியில விழேக்க அதின்ர நிறை மூண்டு மடங்கு எண்டு கணக்கு வையுங்கோ, 72 கிலோ. ஒரு பக்கத்துக்கு 36 கிலோ, 30 செமீ நீளக் கையில தொங்குது. ரெண்டு போல்ற்றுக்கும் இடையில 6 செமீ எண்டால் போல்ற்றில 180 கிலோ இழுவை, 12 செமீ எண்டால் 90 தான். எம் 12 (12 மிமீ) போல்ற்றுக்கு ரெண்டும் பெரிய பாரமில்லை. மடங்கிறது தகடுதான்.

முதல்ல மட்டையில வெட்டி, பாரையும் பிடிச்சுப் பார்த்து அளவெடுங்கோ. 8 மிமீ தகட்டைப் பச்சையா அடிச்சுக் கூர் மூலையா மடக்கினால் வெளிப்பக்கம் கீறல் விடும். ரெண்டு தகட்டை எல் வடிவில ஒட்டி, உள்ளுக்கு 6 மிமீ முக்கோணத் தகடு குடுக்கிறதுதான் நல்லது, முக்கோணத்தின்ர ரெண்டு கையும் 75 மிமீ. முக்கோணத்தின்ர உள் மூலையை 15 மிமீ வெட்டி விடுங்கோ. ஒட்டு இடையில அறாமல் போகும், சேறும் தண்ணியும் தங்காது.

வெல்டிங் றொட் 3.2 மிமீ, 7018 ரகம் எண்டால் 110 – 125 அம்பியர். மாரியில அந்த றொட் ஈரம் இழுத்தால் ஒட்டுக்குள்ள குமிழ் விழும், பக்கெற் உடைச்சால் காத்துப் போகாமல் மூடி வையுங்கோ. வாகனத்தில வைச்சுப் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு, கழட்டி மேசையில முழு ஒட்டும் ஒட்டுங்கோ. புள்ளி போட முதல் பற்றரி மைனஸைக் கழட்டுங்கோ. ஏர்த் கிளிப் பிறக்கெற்றிலதான், செசியில இல்லை.

முள்ளியவளை பிற்றர்:
அண்ணை சொன்னதுக்கு மேல போல்ற் விசயம். அந்தக் கொளுக்கி ஓட்டைக்குள்ள ஒட்டின நட் இருக்கும், ரொயோட்டாவில பெரும்பாலும் எம் 12, 1.25 பிச் (மரைக்கு மரை இடைவெளி, மிமீயில). ஹாட்வெயாரில சும்மா கேட்டால் 1.75 தருவினம். ரெண்டு சுத்து ஏறி இறுகும், பிறகு மரை அறுந்திடும். பழைய போல்ற்றைக் கையோட கொண்டு போங்கோ. தலையில 8.8 எண்டு பலத் தரம் இருக்க வேணும். இறுக்கம் 80 நியூட்டன் மீற்றர் அளவு. அளவுச் சாவி இல்லாட்டி 30 செமீ சாவி நுனியில 27 கிலோ அழுத்தம்.

ரெண்டு ஓட்டையும் கிட்டக் கிட்ட எண்டால் மூண்டாவது ஒண்டு செசியின்ர பக்கச் சுவரில போடலாம், மேல் கீழ்த் தட்டில வேண்டாம், பாரம் ஏறுறது அங்கதான். பெட்டிச் செசியில ஊடு போல்ற் போட்டால் உள்ளுக்கு ஒரு குழாய்த் துண்டு கட்டாயம். உள் அகலத்துக்குச் சரியா வெட்டி, 13 மிமீ துளையோட வையுங்கோ. இல்லாட்டி இறுக்க இறுக்கச் சுவர் உள்ளுக்குப் போகும், ஒரு கிழமையில நட் தளரும்.

பாரை நகர்த்திச் சரிபார்க்கிற நீள ஓட்டையை எல்லாத்திலயும் போடாதேங்கோ. ஒண்டு வட்டம், மற்றது நீளம். ரெண்டும் நீளமெண்டால் அதிர்வில பார் மெதுவாத் தலை குனியும்.

வவுனியா லொறி:
பாரைச் செசியில மட்டும் பிடியுங்கோ. கபின் றப்பரில நிக்குது, தனியா ஆடும். பொனற்றிலயோ கிறில் தகட்டிலயோ ஒரு கம்பி குடுத்தால் அந்த இடம் கிழியும். பொனற்றுக்கும் பாருக்கும் 30 மிமீ இடைவெளி விடுங்கோ. பொனற் முழுசாத் திறக்குதோ, நம்பர் பிளேற்றும் சிக்னலும் மறைபடுதோ எண்டு முதல்லயே பாருங்கோ. ஏர் பாக் உள்ள புது மொடல் எண்டால் வீட்டுப் பிறக்கெற் வேண்டாம், இடி வாங்கிற விதமே மாறிப் போகும். பத்தைக்கு இது காணும், ஏ9 இல இரவில மாடு குறுக்க வந்தாலோ யானை நிண்டாலோ இதை நம்பி ஓடாதேங்கோ.

எல்ஃப் லொறிக்குச் செய்யிற ஆக்களும் கவனியுங்கோ: கபின் முன்னுக்குச் சாயிறது. பாரைக் கீழ பிணைச்சல் போட்டு, மேல ஊசி போட்டு, முன்னால மடியிற மாதிரி வைக்காட்டி எஞ்சின் பார்க்கவே ஏலாது.

நெடுங்கேணி ஹைலக்ஸ்:
விளங்கிச்சு, செசியில ஒட்டேல்லை. பார் குழாய் ஜீஐ, நாகம் பூசின இரும்பு. அதில பிறக்கெற்றின்ர காதை நேரா ஒட்டலாமோ?

மாங்குளம் பட்டறை:
ஒட்டுற இடத்தில சுத்தவர 50 மிமீ நாகப் பூச்சைக் கிறைண்டரால எடுத்துப் போட்டு, வெளியில காத்துப் படுற இடத்தில ஒட்டுங்கோ. நாகப் புகை இழுத்தால் இரவுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும், ஒட்டும் ஓட்டை ஓட்டையா வரும். பிறகு றெட் ஒக்சைட் ரெண்டு கை, கறுப்பு ஒரு கை. முல்லைத்தீவுக் கரைப் பக்கம் ஓடினால் ஓட்டையின்ர உள் விளிம்புக்கும் பூசுங்கோ, கறள் தொடங்கிறது அங்க. 200 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு எல்லா நட்டையும் திரும்ப இறுக்கி, நட்டில இருந்து தகடு வரைக்கும் வெள்ளைப் பெயின்ற்றால ஒரு கோடு கீறி விடுங்கோ. கோடு விலகினால் நட் சுத்தியிருக்கு.