மறுமொழி: கட்டுமான லியனுக்குப் ‘பற்றுரிமை’ போதுமா?

> லியனுக்குப் பற்றுரிமை என்று அகராதியிலேயே இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, வணக்கம். லியன் (lien) என்றால், வரவேண்டிய பாக்கிக்காக ஒரு பொருள்மேலோ சொத்தின்மேலோ ஒருவருக்கு இருக்கும் உரிமை. கட்டட வேலைக்கான லியனை நம் சொற்பட்டியலில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

புதுப்பேட்டை மெக்கானிக்கிடம் வண்டியை விடுகிறோம். கூலி கொடுக்காமல் சாவியைக் கேட்டால் தரமாட்டார். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அவர் பக்கம் நிற்கிறது. அந்தப் பிரிவே காட்டும் உதாரணம், பட்டை தீட்டக் கொடுத்த வைரம்: கூலி வரும்வரை கல் பட்டறையிலேயே இருக்கலாம். இதற்குப் பற்றுரிமை சரியான சொல். பொருள் கைவசம் இருக்கிறது, பற்றிக்கொள்கிறார்.

கொத்தனார் தான் எழுப்பிய சுவரை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

நாம் பெயர் தேடுவது அமெரிக்காவின் மெக்கானிக்ஸ் லியனுக்கு. வாஷிங்டன் நகரம் எழும்பத் தொடங்கிய காலத்தில், 1791-இல், மேரிலாண்ட் கொண்டுவந்த சட்டத்தில் இது அங்கே முளைத்தது. பணம் வராத கான்ட்ராக்டர், சிமென்ட் இறக்கியவர், கூலியாள் என யாரும் தன் பாக்கியைச் சொத்தின்மேலேயே பதியலாம். கட்டடம் உரிமையாளர் வசம்தான் இருக்கும். ஆனால் விற்கப் போனால் அந்தப் பாக்கி முன்னால் வந்து நிற்கும். காலக்கெடு கடுமையானது. கலிஃபோர்னியாவில் வேலை முடிந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். உரிமையாளர் ‘பணி முடிந்தது’ என்று அறிவிப்புப் பதிந்துவிட்டால் அதுவும் சுருங்கும். பதிந்த 90 நாளுக்குள் வழக்கும் போட்டாக வேண்டும்.

கைவசம் இல்லாத ஒன்றைப் பற்றுவது எப்படி? இன்னொரு சிக்கல்: சைட் கணக்கில் ‘பற்று’ என்றால் மேஸ்திரி ஏற்கெனவே வாங்கிக்கொண்ட பணம். வரவேண்டிய பாக்கிக்கு அந்தச் சொல்லையே வைத்தால் படிக்கிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

நம் குழுவில் ஒருவர் ‘கூலி வில்லங்கம்’ என்றார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் சென்னையில் யாரும் மனை வாங்குவதில்லை, அதனால் சட்டென்று விளங்கும். ஆனால் அது வாங்குபவரின் கண். உழைத்தவருக்கு அது வில்லங்கம் இல்லை, உரிமை.

என் பரிந்துரை: கட்டுமான ஈட்டுரிமை. ஈடு + உரிமை. ஈட்டியதற்கான உரிமை என்றும் காதில் விழுகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஈட்டுக்கடனோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அங்கே உரிமையாளர் கையெழுத்திட்டு ஈடு தருகிறார்; இங்கே சட்டம் தருகிறது. ‘கட்டுமான’ என்ற அடை அந்த வேறுபாட்டைத் தாங்கும்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், அப்பா டைல்ஸ் ஒட்டுபவர். மேடவாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் கடைசி பில்லும், முந்தைய பில்களில் பிடித்துவைத்த பணமும் நின்றுபோயின. அதற்குள் வீடுகள் எல்லாம் விற்று, ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். “நான் போட்ட தரைமேல எனக்கு ஒண்ணும் இல்லையா சார்?” என்று வக்கீலிடம் கேட்டார். பணத்துக்கு வழக்குப் போடலாம், மூன்று வருஷத்துக்குள், தரைமேல் எதுவும் இல்லை என்றார் வக்கீல். அப்பா கேட்ட உரிமைக்கு நம் சட்டத்திலும் இடமில்லை, நம் பேச்சிலும் பெயரில்லை.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதலாமா: “கட்டடத்துக்கு வேலையோ பொருளோ தந்தவர், வரவேண்டிய பாக்கிக்காக, சொத்து தம் வசம் இல்லாமலே அதன்மேல் சட்டப்படி பதியும் உரிமை.” ‘பதியும்’ என்பதா, ‘கோரும்’ என்பதா என்று எனக்கு இன்னும் தயக்கம். தாங்கள் சொல்லுங்கள், ஐயா.