புதுப்பிப்பு: அம்மாவுக்கு வந்தது மாரடைப்பு இல்லை

அப்பா காரியம் முடிந்த மறுநாள் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஐசியூவில் சேர்த்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

ஈசிஜியில் மாற்றம், இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினும் அதிகம். மாரடைப்பு என்றேதான் நினைத்தோம். ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. எக்கோவில் இதயத்தின் இடது கீழறை நுனி பலூன் மாதிரி உப்பியிருந்ததை டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். டக்கோட்சுபோ என்ற இதயத் தசை பலவீனமாம். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர். 1990-இல் அங்குள்ள மருத்துவர்கள் வைத்தது. பெருந்துக்கத்துக்குப் பிறகு, அதிகமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும்.

வீட்டில் இருந்தபடி இதைப் பிரித்தறியவே முடியாது. "கேஸ்தான், ஓமத்தண்ணி குடி" என்ற பெரியம்மாவை மீறி 108-ஐ அழைத்தது நல்லதாயிற்று.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.