பழைய பிக்கப் வாங்கி ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், ஸ்டார்ட் செய்தால் ஃபில்டர் பக்கம் ஆயில் கொட்டுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

தக்காளித்தோட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப்போக இத்தனை வருடம் வாடகை வண்டிதான். போன வாரம்தான் 2018 மாடல் பொலிரோ பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பி.எஸ்.4 புகை விதிப்படி வந்த டீசல் வண்டி, மீட்டரில் 1,34,000 கிலோமீட்டர். விற்றவர், ஆயில் இப்போதுதான் மாற்றினேன், இன்னும் 5,000 தாராளமாக ஓட்டலாம் என்றார். வீட்டுக்கு வந்து டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. ஃபில்டரின் தகரம் அடிப்பக்கம் துருப்பிடித்திருந்தது. இதற்கு மேல் அவர் பேச்சை நம்பி ஓட்ட மனம் வரவில்லை.

இன்று காலையில் நானே மாற்றினேன். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, சேம்பர் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டைக் கழற்றி, அரை மணி நேரம் சொட்டச் சொட்ட விட்டேன். ஃபில்டர் அசையவே இல்லை. பழைய டியூப்பைக் கீறிச் சுற்றிப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கொடுத்ததில் திடுமென்று கழன்றது. புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவிக் கையாலேயே முடுக்கினேன். 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். ஆயில் பிரஷர் ஏறி அதன் லைட் அணைந்தது, சரி என்று நினைப்பதற்குள் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி கத்தினாள். ஃபில்டரைச் சுற்றி ஆயில் பீச்சியடிக்கிறது. உடனே அணைத்துவிட்டேன். இன்னும் அரைச் சுற்று முடுக்கி மறுபடி போட்டேன், அதேதான். ஒரு லிட்டருக்கு மேல் மண்ணில் போயிருக்கும்.

ஃபில்டர் கோளாறா, இல்லை ஃபில்டர் உட்காரும் இடம் விரிந்துவிட்டதா? நாளை விடியற்காலை லோடு இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
தம்பி, முதலில் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இனி ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யக் கூடாது. இந்த அளவுக்குக் கொட்டினால் சேம்பர் காலியாக ரொம்ப நேரம் ஆகாது, ஆயில் இல்லாமல் ஓடினால் பேரிங்குகள் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இந்த வண்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதியை எஞ்சின் வேலைக்குக் கொடுக்க வேண்டிவரும்.

ஒரே ஒரு கேள்வி. கழற்றிய பழைய ஃபில்டரின் வாயில் ரப்பர் ரிங் இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

தக்காளித்தோட்டம்:
அண்ணே, பார்த்தேன். ரிங் இல்லை. வெறும் பள்ளம்தான் இருக்கிறது.

பட்டறைக்காரன்:
அப்படியானால் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நாள் மாற்றாத ஃபில்டரில் இது அடிக்கடி நடக்கும். சூட்டில் ரப்பர் இறுகி, இரும்போடு இரும்பாகப் பிடித்துக்கொள்ளும். அதன் மேலேயே உங்கள் புது ரிங் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மேல் ரப்பர் நிற்காது. பிரஷர் ஏறும்வரை நன்றாகப் பிடித்த மாதிரி தெரியும், ஏறியதும் ஒரு பக்கம் பிதுங்கி வழிவிட்டுவிடும். லைட் அணைந்த பிறகுதான் கொட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் அடையாளம். அடைப்புள்ள ஃபில்டரோ விரிந்த சீட்டோ என்று போகாதீர்கள்.

அடியில் அகலமான சட்டியை வைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றுங்கள். எஞ்சின் பக்கத்து வட்ட முகத்தைப் பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடையுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது, கறுப்பின் மேல் கறுப்பு. நகத்தை வைத்து வட்டமாக இழுத்துப் பாருங்கள். எங்காவது விளிம்பு தட்டினால் அதுதான் பழைய ரிங். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் எந்த ஃபில்டர் போட்டாலும் கசியும். மூங்கில் குச்சியைச் சீவி எடுத்துக்கொள்ளுங்கள்.

பால்வண்டி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு அடியில் போகாதீர்கள். பிக்கப்புக்குத் தரையிலிருந்து இருக்கிற உயரமே போதும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கி நழுவி எங்கள் ஊரில் ஒருவருக்கு இடுப்பெலும்பு போனது. அதற்குப் பிறகு நான் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

தக்காளித்தோட்டம்:
அண்ணே, நகத்தில் தட்டியது!

மூங்கில் சிம்பால் கிளப்பினேன். ரப்பர் என்றே சொல்ல முடியாது, காய்ந்த வெல்லப்பாகு மாதிரி மொடமொடவென்று மூன்று துண்டாக உடைந்து வந்தது. துண்டுகளைத் தினத்தந்தித் தாளில் வைத்து வட்டமாக அடுக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் குறைந்தது. அந்தத் துண்டு எஞ்சினுக்குள் போயிருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. டார்ச் அடித்து எஞ்சின் முகத்தைச் சுற்றிப் பார்த்தேன், இல்லை. கடைசியில் புது ஃபில்டரின் ரிங்கில் பதிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது வட்டம் முழுதாக இருக்கிறது.

இதே புது ஃபில்டரைத் துடைத்துப் போடலாமா? இரண்டு தடவைதானே ஸ்டார்ட் செய்தேன்.

பட்டறைக்காரன்:
அடுக்கிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான வேலை. பட்டறையில் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

அந்த ஃபில்டர் வேண்டாம். துண்டு பதிந்த இடத்தில் ரிங் பள்ளமாகியிருக்கும். கூடவே அதை அரைச் சுற்று அதிகமாக வேறு முடுக்கியிருக்கிறீர்கள். சில நூறு ரூபாய்க்காக நாளைக்கு லோடோடு ரோட்டில் நிற்க வேண்டாம். வாங்கும்போது ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரைக் காட்டி வாங்குங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு எஞ்சினோடு வண்டிகள் வந்திருக்கின்றன, 'பொலிரோ ஃபில்டர்' என்று பொதுவாகக் கேட்டால் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பார்கள். மரை ஒத்துப்போனாலும் ரிங்கின் அகலம் வேறாக இருக்கலாம்.

போடும்போது ரிங்கில் புது ஆயில் தடவுங்கள். ஷெல்லாக், பேஸ்ட் எதுவும் வேண்டாம். கையால் திருகி, ரிங் முகத்தில் தொட்டதும் ஃபில்டரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து முக்கால் சுற்று. பெட்டியில் வேறு அளவு அச்சடித்திருந்தால் அதன்படி. அதோடு விட்டுவிட வேண்டும். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் ஆள் பலத்தைக் காட்டுவதால்தான் அடுத்த முறை கழற்ற டியூப் தேடுகிறோம்.

பால்வண்டி:
ஆயில் எவ்வளவு ஊற்றப்போகிறீர்கள்? கொட்டியது போக உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புத்தகத்தில் இருக்கிற லிட்டர் கணக்கை மறந்துவிட்டு டிப் ஸ்டிக்கை நம்புங்கள். அரை லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, துடைத்துச் செருகிப் பாருங்கள். மேல்கோட்டுக்குச் சற்று கீழே வந்ததும் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்து அணைத்த பிறகு ஃபில்டர் நிரம்பிக் கொஞ்சம் இறங்கும், அப்போது மீதியை ஊற்றிக்கொள்ளலாம். மேல்கோட்டைத் தாண்ட விடக்கூடாது. உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையில் பிரஷர் நிற்காது. டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) உள்ள டீசலில் அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில் பிரீதர் என்ற காற்றுக்குழாய் வழியாக இழுபட்டு, சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் தறிகெட்டு ஓடிய கதையும் உண்டு.

ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். டர்போவுக்கும் இதே ஆயில்தான் போக வேண்டும்.

கரூர்ப்பாலம்:
என்ன கிரேடு வாங்கினீர்கள்? 15டபிள்யூ-40 என்பது அடர்த்தி மட்டும்தான், கேனில் ஏ.பி.ஐ. (ஆயில் தரக்குறி) என்று போட்டு அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் தரம். பி.எஸ்.4 டீசலுக்கு சி.ஐ-4 பிளஸ் போதும். ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைவான சி.கே-4 மாதிரி வேண்டும். இதைப் படிக்கும் புது வண்டிக்காரர்கள் இவருடைய ஆயிலைப் பார்த்து அதையே வாங்கிவிட வேண்டாம்.

இன்னொரு யோசனை, இவ்வளவு பழைய அழுக்கு இருந்தால் ஃப்ளஷிங் ஆயில் ஊற்றி ஒரு முறை கழுவிவிடலாமே?

பட்டறைக்காரன்:
ஃப்ளஷ் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வரலாறு தெரியாத எஞ்சினில் படிந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்தால், சேம்பரில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். நல்ல ஆயில் தானே மெதுவாகக் கழுவும். 10,000 வரை காத்திருக்காமல் 3,000 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு புத்தகக் கணக்கு.

நாளைக்கே ஆயில் கறுத்துவிட்டது என்று பயப்படாதீர்கள், டீசலில் புகைக்கரி சேர்ந்து கறுக்கத்தான் செய்யும். எஞ்சினுக்குள் வேறு கோளாறு இருக்கிறதா என்று தெரிய வேண்டும், வடித்த ஆயிலைப் பார்த்தீர்களா? மோர் மாதிரி வெளுத்திருந்ததா, டீசல் வாடை தூக்கலாக இருந்ததா, விரலில் நசுக்கினால் பொடி நறநறத்ததா?

தக்காளித்தோட்டம்:
வெளுக்கவில்லை அண்ணே, டீசல் வாடையும் இல்லை. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பார்த்தேன், மினுமினுப்பு எதுவும் தெரியவில்லை. அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் சேம்பர் போல்ட்டின் தலை பாதி வழுக்கியிருக்கிறது, சுற்றிலும் எம்சீல் பூசிய தழும்பு. ரிங் ஸ்பேனரைத் தட்டி ஏற்றித்தான் கழற்றினேன். வாஷர் இல்லவே இல்லை. இப்போது சொட்டவில்லை.

பட்டறைக்காரன்:
சொட்டவில்லை என்றால் இன்றைக்கு அதைத் தொடாதீர்கள். புது போல்ட்டும் செம்பு வாஷரும் வாங்கி வைத்துக்கொண்டு 3,000-இல் மாற்றும்போது போடுங்கள். அப்போது மரை பிடிக்காமல் சுற்றினால் லேத் பட்டறையில் மரைச் சுருள் வைத்துத் தருவார்கள், சேம்பரையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆயிலில் இப்படி என்றால் டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் மட்டும் ஒழுங்காக இருக்கவா போகின்றன. இந்த வாரத்துக்குள் அவற்றையும் மாற்றுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், முதலில் அதைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

மேட்டாங்காடு:
வடித்த ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள். பந்தக்காலுக்குத் தடவினால் கரையான் அண்டாது, எங்கள் வீட்டில் எல்லாத் தூணுக்கும் அதுதான்.

பால்வண்டி:
ஐயா, மன்னிக்கவும், அதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். பழைய ஆயிலில் ஈயம் மாதிரி உலோகங்களும் கரியும் கலந்திருக்கும். மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்குப் போகும், அங்கிருந்து கிணற்றுக்கு. இவர் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் அந்தக் கிணற்றிலிருந்துதானே. சட்டப்படியே அது அபாயகரக் கழிவு. வந்த கேனிலேயே ஊற்றி மூடி, ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், மறுசுத்திகரிப்புக்கு எடுத்துப்போவார்கள்.

மேட்டாங்காடு:
கிணற்றை நான் யோசிக்கவில்லை. இருக்கிற மீதியை நானும் கொடுத்துவிடுகிறேன்.

தக்காளித்தோட்டம்:
இரவு ஒன்பது மணிக்கு எழுதுகிறேன். மச்சான் பழனியிலிருந்து சேஸிஸ் நம்பர்படி ஃபில்டர் வாங்கி வந்தான். எஞ்சின் முகத்தை நாலு தடவை துடைத்து, நகத்தால் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டினேன். தொட்டதும் கோடு, முக்கால் சுற்று, அதோடு விட்டேன். ஆயில் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடித்தது. ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டருக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்து வீட்டுக்காரியே டார்ச்சோடு உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடம் ஓடியது. தாளில் ஒரு சொட்டு இல்லை.

மண்ணில் கொட்டியதை மரத்தூள் போட்டு மேல்மண்ணோடு வழித்து, சாக்கில் கட்டித் தனியாக வைத்திருக்கிறேன். இதையும் அந்த ஒர்க் ஷாப்பில் வாங்கிக்கொள்வார்களா என்று காலையில் கேட்க வேண்டும். ஃபில்டர் மேல் வெள்ளைப் பெயின்டால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிட்டேன். அண்ணனுக்கும் எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

பட்டறைக்காரன்:
நல்லது தம்பி. லோடு இறக்கிய பிறகு மார்க்கெட்டிலேயே பத்து நிமிடம் வண்டியை ஆறவிட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். போல்ட்டின் அடியிலும் ஒரு முறை விரலை வைத்துப் பாருங்கள்.

தக்காளித்தோட்டம்:
பார்த்தேன் அண்ணே. மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே, இரவில் இருந்த அதே இடம். போல்ட்டும் காய்ந்திருக்கிறது. 42 பெட்டி இறக்கியாச்சு, வீட்டுக்குக் கிளம்புகிறேன்.