மறு: ‘லேயரிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – பானி கேஷினின் கோட்டுகளை முன்வைத்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அணியும் ‘லேயரிங்’ முறைக்குத் தமிழ்ச்சொல் தேடி, ஆடை வரலாற்றுச் சொற்பட்டியலுக்காக இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். ‘அடுக்காடை’, ‘படலவுடை’, ‘மடிப்புடை’, ‘பல்லுடை’ ஆகிய நான்கும் ‘லேயரிங்’ என்ற சொல்லைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு ஆக்கப்பட்டவையாகத் தோன்றுகின்றன. அச்சொல் எந்த ஆடையைக் குறிக்கப் பிறந்தது, அந்த ஆடை எப்படி வெட்டப்பட்டது, எப்படிப் பூட்டப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வந்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். அமெரிக்கப் பெண்கள் உடையில் இம்முறையை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தவர் ஆடை வடிவமைப்பாளர் பானி கேஷின். ஆகவே அவருடைய கோட்டுகளையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

கேஷின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். தாயார் தையற்கடை நடத்தியவர், தந்தையார் புகைப்படக்காரர். 1930-களில் நியூயார்க்கின் ராக்சி அரங்கில் நடனக் கலைஞர்களுக்கு உடை அமைத்த அவர், பின்னர் அட்லர் அண்ட் அட்லர் என்ற கோட்டு நிறுவனத்தில் பணியாற்றினார். 1943 முதல் 1949 வரை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படப்பிடிப்பகத்தில் ஏறத்தாழ அறுபது படங்களுக்கு உடை வடிவமைத்துவிட்டு மீண்டும் நியூயார்க் திரும்பினார். 1950-ஆம் ஆண்டிலேயே ஆடை வடிவமைப்புக்கான கோட்டி விருது, நீமன் மார்கஸ் விருது இரண்டும் அவருக்குக் கிடைத்தன. அடுத்து ஃபிலிப் சில்ஸின் நிறுவனத்தோடு சேர்ந்து 1977 வரை அவர் ஆக்கிய தோல், கம்பளிக் கோட்டுகளே இன்று பழைய உடை சேகரிப்போர் தேடி வாங்குபவை. மேடையில் ஆடுபவருக்கும் படத்தில் நடிப்பவருக்கும் உடை தைத்தவர் என்பதால், உடலை உடைக்குள் அடைப்பதைவிட உடல் அசைவதற்கு உடை இடம் விட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

அவர் தம் பெயரில் இயங்கத் தொடங்கிய காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1947-இல் பாரிசில் கிறிஸ்டியன் டியோர் வெளியிட்ட ஆடைத் தொகுதிக்குப் பின், இடையை இறுக்கி, உட்புறத்தில் விறைப்புத் துணி வைத்து, பாவாடையைப் பெருக்கிய உருவமே உலகெங்கும் நாகரிகமாக இருந்தது. கேஷினின் கோட்டில் விறைப்புத் துணியும் இல்லை, தோள் திண்டும் இல்லை. பல கோட்டுகளில் உட்துணியே கிடையாது. ‘நோ கோட்டு’ என்று அவர் பெயரிட்ட வகை சப்பானிய நோ நாடக உடையைப் பின்பற்றியது. அதைத் தரையில் விரித்துப் போட்டால் ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல நேர்கோடுகளாகக் கிடக்கும். கைக்குழி ஆழமாகவும் அகலமாகவும் வெட்டப்பட்டிருப்பதால், உள்ளே தடித்த பின்னலாடை அணிந்திருந்தாலும் அக்குளில் பிடிக்காது.

இந்த அகலமான கைக்குழிதான் நம் விவாதத்துக்கு மையமானது. கேஷின் சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பைக் கண்டு வளர்ந்தவர். குளிரின் அளவைச் சட்டைகளின் எண்ணிக்கையால் சொல்லும் சீன வழக்கத்தைத் தம் முறைக்கு ஊற்றாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். சட்டைகளின் எண்ணிக்கை கூடினால் கடுங்குளிர் என்று பொருள். வழக்கமான கோட்டு ஒன்றின் மேல் இன்னொன்றை மாட்டினால் தோளும் கையும் புடைத்துக்கொண்டு நிற்கும். கேஷினோ மெல்லிய ஜெர்சி (பின்னல் துணி) உடை, அதன் மேல் கையில்லாத தோல் மேற்சட்டை, அதற்கும் மேல் மோஹேர் (ஆட்டு மயிர்க் கம்பளி) கோட்டு, தேவையானால் எல்லாவற்றுக்கும் மேல் தலைவழியே மாட்டும் ஒரு போஞ்சோ என்று, ஒவ்வொன்றும் தனக்கு உள்ளே வருவதற்கு இடம் விட்டும் தனக்கு வெளியே வருவதற்கு இடையூறு செய்யாமலும் இருக்கும்படி ஒரே தொகுதியாக வெட்டினார். சூடேற்றிய கட்டடத்திலிருந்து பனி பெய்யும் தெருவுக்கும், அங்கிருந்து காருக்கும் விமானத்துக்கும் ஒரே நாளில் மாறுகிற பெண், ஒன்றைக் கழற்றிவிட்டாலும் மீதமிருப்பது முழுமையான உடையாகவே இருக்கும்.

ஆகவே ‘பல்லுடை’ பொருந்தாது. பல உடைகளை அணிவது என்பது இங்கே செய்தியே அன்று. எண்ணிக்கையைவிட ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதுதான் முக்கியம். ‘மடிப்புடை’ நேராகவே தவறு, ஏனெனில் மடிப்பு ஒரே துணியில் நிகழ்வது. ‘படலம்’ என்பதை மருத்துவர் ஐயா முன்வைத்தபோது கண்ணின் படலத்தையும் வெங்காயத் தோலையும் எண்ணியிருப்பார் என்று ஊகிக்கிறேன். ஆனால் படலம் பிரித்தெடுக்க முடியாமல் ஒட்டியிருப்பது. கேஷினின் உடை கழற்றுவதற்கென்றே ஆக்கப்பட்டது. ‘அடுக்கு’ என்பதே சரியான வேர். அடுக்குப் பாத்திரங்களில் ஒவ்வொன்றும் தனித்துப் புழங்கக்கூடியது. ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்படி அளவெடுத்துச் செய்யப்பட்டதும் ஆகும். இந்த இரு பண்புகளும் சேர்ந்தே அச்சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன.

இனி ‘அடுக்கு’ என்பதோடு எதைச் சேர்ப்பது என்ற கேள்வி. ‘அடுக்காடை’ பொருளாகிய ஆடையைக் குறிக்கும், செயலைக் குறிக்காது. நமக்கு வேண்டியது முதலில் செயலுக்குப் பெயர். ‘அடுக்கணிதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘அணி’ என்றதும் நகை, செய்யுளணி, விளையாட்டு அணி என்று மூன்று பக்கம் மனம் இழுபடுகிறது. ‘போர்த்துதல்’ சால்வைக்கும் போஞ்சோவுக்கும் பொருந்தும். கைநுழைத்து மாட்டும் கோட்டுக்குப் பொருந்தாது. எஞ்சுவது ‘உடுத்துதல்’. அது இடுப்பைச் சுற்றிக் கட்டுவதையே குறிக்கும் என்று தையற்கலை கற்பிக்கும் அம்மையார் எழுப்பிய தடையை மதிக்கிறேன். பழைய வழக்கில் உடுப்பதும் போர்ப்பதும் வேறு வேறாகவே இருந்தன. ஆனால் ‘புத்தாடை உடுத்தி’ என்று இன்று எழுதும்போது சட்டையை யாரும் விலக்குவதில்லை. காக்கி உடுப்பு, பள்ளி உடுப்பு என்னும் வழக்குகளில் ‘உடுப்பு’ தைத்த உடையையே குறிக்கிறது. எனவே செயலுக்கு ‘அடுக்குடுத்தல்’ என்றும், அவ்வாறு உடுப்பதற்கென ஆக்கிய தொகுதிக்கு ‘அடுக்குடுப்பு’ என்றும் பரிந்துரைக்கிறேன். தொகுதிக்குள் இருக்கும் ஒவ்வோர் உடையையும் அடியடுக்கு, நடுவடுக்கு, மேலடுக்கு எனலாம். இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. உள்ளே அணியும் ஜெர்சி உடையை ‘உள்ளாடை’ என்று எழுதிவிட்டால் வாசகர் வேறொன்றை நினைத்துக்கொள்ளும் சங்கடம் ‘அடியடுக்கு’ என்பதில் இல்லை.

‘கோட்டு’ என்பதையே மாற்ற வேண்டும் என்று இழையின் நடுவில் ஒரு கிளை விவாதம் எழுந்தது. முல்லைப்பாட்டில் யவனர் அணிந்ததாக வரும் ‘மெய்ப்பை’ அழகான சொல்தான். ஆனால் அது உடலோடு ஒட்டிய சட்டையைக் காட்டுவதால், உடலை விட்டு விலகி நிற்பதையே நோக்கமாகக் கொண்ட கேஷினின் கோட்டுக்கு அதைச் சூட்டுவது முரணாகும். சட்டையைக் குறித்த பழஞ்சொல்லான ‘குப்பாயம்’ இன்று பெரும்பாலும் அகராதியில்தான் வாழ்கிறது. என் கருத்தில் ‘கோட்டு’ தமிழில் வேர்விட்ட சொல், அது இருக்கட்டும். அதோடு ‘அங்கி’ என்ற சொல்லையும் பயன்படுத்தி இரண்டுக்கும் வேறுபாடு செய்யலாம். வழக்கறிஞர் அங்கி, பட்டமளிப்பு அங்கி என்று நாம் சொல்பவை முன்புறம் திறந்து, தளர்ந்து, அகலக் கையோடு தொங்குபவை. உள்ளே விறைப்பும் இடையில் வெட்டும் உடைய தைப்பு வகையைக் ‘கோட்டு’ என்றும், நேர்வெட்டாகத் தளர்ந்து விழுவதை ‘அங்கி’ என்றும் கொண்டால், நோ கோட்டு ‘நோ நாடக அங்கி’ ஆகிவிடும். ‘நோ கோட்டு’ என்று வெறுமனே எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் கோட்டே இல்லை என்று படிப்பார், தமிழ் அறிந்தவர் வலி என்று படிப்பார். ஆகவே ‘நாடக’ என்பதை விட்டுவிடலாகாது.

அடுத்தது உலோகப் பூட்டு. கேஷினின் கோட்டுகளிலும் கைப்பைகளிலும் காணப்படும் பித்தளைப் பூட்டை ‘டர்ன்லாக்’ என்கிறார்கள். அவருடைய திறந்த காரின் துணிக்கூரையை இறுக்கிப் பிடித்த பூட்டைப் பார்த்து அவர் எடுத்துக்கொண்டது அது. 1962-இல் தோல்பை செய்யும் கோச் நிறுவனத்தில் பெண்களுக்கான கைப்பைகளை வடிவமைக்கத் தொடங்கியபின் அதை அங்கும் கொண்டுசென்றார்; அந்நிறுவனத்தின் பைகளில் அது இன்றும் ஓர் அடையாளமாக இருக்கிறது. கைச்செயல் இதுதான்: ஒரு பக்கத்தில் நீள்வட்டத் துளையுள்ள தகடு, மறுபக்கத்தில் அதே நீள்வட்ட வடிவில் ஒரு சிறு குமிழ், துளை வழியே குமிழை நுழைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் அது குறுக்காக நின்று தகட்டைப் பிடித்துக்கொள்ளும். கையுறை போட்ட விரலாலும் இதைச் செய்ய முடியும் என்பது குளிர்நாட்டில் பெரிய செய்தி.

இதற்கு வந்த ‘திருகுபூட்டு’ என்ற பரிந்துரையில் இரண்டு பாதிகளுமே உறுத்துகின்றன. திருகு என்றால் புரியாகச் சுற்றிக்கொண்டே போவது. தோட்டின் திருகாணியை நினைத்தால் வேறுபாடு விளங்கும். இங்கே நடப்பது சாவியைத் திருப்புவதைப் போன்ற ஒரே திருப்பு. பூட்டு என்றாலோ சாவியை எதிர்பார்ப்போம். தாழ் நீளவாட்டில் ஓடுவது, கொக்கி வளைந்து மாட்டுவது. கதவில் கொண்டி நாதாங்கியின் மேல் படிந்து நிற்பதே இதற்கு மிக நெருங்கிய அமைப்பு, துளைத்தகடு செய்வது அதே வேலை. ஆகவே ‘திருப்புக்கொண்டி’. தகட்டைக் ‘கொண்டித்தகடு’ என்றும் குமிழைத் ‘திருப்புக்குமிழ்’ என்றும் பிரித்துச் சொல்லலாம். பழைய கோட்டை விற்பவர் ‘ஒரு திருப்புக்குமிழ் தளர்ந்திருக்கிறது’ என்று குறிப்பு எழுத வேண்டிவரும்போது இந்தப் பிரிவு பயன்படும். நீண்ட பாவாடையைப் படியேறும்போது மேலே தூக்கி மாட்டிக்கொள்ள அவர் வைத்த கொக்கிக்குப் புதுச்சொல் வேண்டாம். அது நாய்ச்சங்கிலியின் கொக்கியேதான், அவரும் அதை மறைக்கவில்லை.

கோட்டின் ஓரத்தைச் சுற்றிவரும் மெல்லிய தோல் நாடாவைக் ‘கரை’ என்று சொல்ல முடியாது. கரை நெசவிலேயே வருவது. இதுவோ வெட்டிய கம்பளியின் பிசிறு தெரியாமல் இருபுறமும் கவ்வித் தைப்பது. உட்துணி இல்லாத கோட்டில் உட்புறமும் வெளியே தெரியும் என்பதால் இந்தக் கவ்வல் அழகுக்கு மட்டும் வந்ததன்று. தையற்காரர்கள் ‘பட்டி அடித்தல்’ என்பதை ஏற்கெனவே வழங்குவதால் ‘தோல் விளிம்புப்பட்டி’ போதும்.

துணிப் பெயர்களில் நாம் கை வைக்காமல் இருப்பது நல்லது. மோஹேர், ட்வீட், ஜெர்சி, ஸ்வேட் எல்லாம் வணிகப் பெயர்களாகவே உலகெங்கும் செல்கின்றன. பழைய உடையைக் குறிக்கும் ‘விண்டேஜ்’ என்பதற்கும் அப்படியே. ‘தொன்மை’ என்றால் கல்வெட்டுக் காலம் போல ஒலிக்கிறது, ‘பழம்பொருள்’ என்றால் எடைக்குப் போடும் சரக்கு போல ஒலிக்கிறது. வணிகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டைக் கடந்ததை விண்டேஜ் என்றும் நூறு ஆண்டைக் கடந்ததை ஆன்டிக் என்றும் பிரிக்கிறார்கள். ‘1960-களின் கோட்டு’ என்று பத்தாண்டைச் சொல்லிவிட்டால் இரண்டு சொல்லும் தேவைப்படாது, வாசகருக்கும் கூடுதல் செய்தி கிடைக்கும்.

தீராமல் நிற்பது ஒன்று. கேஷின் சில கோட்டுகளில் சட்டைப்பைக்குப் பதிலாக, இரு குமிழ்கள் ஒன்றையொன்று கடந்து ‘டக்’ என்று மூடும் உலோக வாயுடைய முழுப் பணப்பையையே தைத்து வைத்தார். தனியாகக் கைப்பை எடுத்துச் செல்ல வேண்டாம் என்பது கருத்து. தமிழில் சட்டையிலிருப்பதும் பை, தோளில் தொங்குவதும் பை, பணம் வைப்பதும் பை என்பதால் இந்தக் கலப்பு நம் மொழியில் இயல்பாகவே அடங்குகிறது. ஆனால் அந்த உலோக வாய்க்குத்தான் பெயர் இல்லை. சுருக்குப்பை நாடாவால் இறுகுவது என்பதால் அது உதவாது. ‘வாய்ப்பூட்டுப்பை’ என்று நண்பர் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அமைப்பைப் பார்த்தால் சரிதான், ஆனால் வாய்ப்பூட்டுச் சட்டம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. ‘கவ்வுவாய்ப் பை’ என்பதை இப்போதைக்கு வைக்கிறேன், தோல்பை தைப்போரிடம் வழக்குச்சொல் இருந்தால் அதற்கே முதலிடம்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, அருங்காட்சியகக் குறிப்பின் நடையில் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: “1960-களின் நோ நாடக அங்கி. மோஹேர் கம்பளி, உட்துணி இல்லை. கழுத்து முதல் கீழ்விளிம்பு வரை தோல் விளிம்புப்பட்டி. முன்புறத்தில் பித்தளைத் திருப்புக்கொண்டிகள். இடப்புறம் கவ்வுவாய்ப் பை. அடுக்குடுப்பின் மேலடுக்காக உடுப்பதற்குரியது. கைக்குழி அதற்கேற்ப அகலமாக வெட்டப்பட்டுள்ளது.” இதில் எந்தச் சொல்லில் வாசிப்பு இடறுகிறது என்பதைச் சுட்டிக்காட்டினால் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் திருத்திவிடலாம். ‘அடுக்குடுத்தல்’ என்பதில் ககரமும் டகரமும் நெருக்குகின்றன என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அவர்கள் ‘அடுக்கி உடுத்தல்’ என்று பிரித்து எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.

அன்புடன்.