சிந்திக்க வைக்கும் கேள்வியைச் சீண்டலாகத் தோன்றாமல் கேட்பது எப்படி?

மாலைவாசகி:
வணக்கம். இணையவழி வாசிப்புக் குழு ஒன்றில் வாரந்தோறும் உரையாடலைத் தொடங்கி வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பொதுப்படையாகக் கேட்டால் "அருமை", "நன்று" என்று எழுதிவிட்டு உறுப்பினர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சற்றுக் கூர்மையாகக் கேட்டாலோ, கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவரின் உள்நோக்கத்தை ஆராயத் தொடங்கிவிடுகிறார்கள். சென்ற வாரம் ஒரு சிறுகதையை முன்வைத்து, "நாயகி கணவனை மன்னித்ததை உங்களால் எப்படி ஏற்க முடிகிறது?" என்று கேட்டேன். கதையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரண்டு அணிகளாகப் பிரிந்து ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுக்கும் அளவுக்குப் போய்விட்டது. மரியாதை குறையாமலும், கேள்வியின் முனை மழுங்காமலும் கேட்க வழி உண்டா?

இலக்கணப்பித்தன்:
பள்ளியில் மனப்பாடம் செய்த ஆறு வகை வினாக்களைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நன்னூல் சொல்லும் அந்த ஆறில் கொளல், கொடை, ஏவல் மூன்றும் இங்கே நமக்கு வேண்டியதில்லை. விடையைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்ற தடுமாற்றத்தில் கேட்பது ஐய வினா. உங்கள் கேள்வியில் "எப்படி ஏற்க முடிகிறது" என்ற தொடரிலேயே "ஏற்கக் கூடாது" என்ற விடை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, படித்தவர்களுக்கு அது அறிவினாவாகப் பட்டிருக்கும். தேர்வு எழுத யாரும் விரும்புவதில்லை, அதிலும் பலர் பார்க்க.

அதையே ஐய வினாவாக மாற்றிப் பாருங்கள்: "நாயகி மன்னித்தது மனம் இரங்கியதாலா, வேறு போக்கிடம் இல்லாததாலா? கதையின் எந்த வரி உங்களை அப்படி நினைக்க வைத்தது?" இரண்டு பக்கமும் நிற்க இடம் இருக்கிறது. இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் ஒருவர் கதையைத் திரும்பத் திறந்தாக வேண்டும்.

மறுதரப்பு:
முந்தைய பதிலின் பிற்பகுதியை ஏற்கிறேன். முற்பகுதியில் எனக்கு உடன்பாடில்லை. தெளிவான கருத்து வைத்திருப்பவர் ஐயத்தில் இருப்பதுபோல் கேட்பது பணிவாகாது, அது நடிப்பு. குழுவில் நான்கு நாள் பழகியவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிளேட்டோவின் 'குடியரசு' முதல் பகுதியில் சாக்ரடீஸ் மீது, அவருடன் வாதிடும் திராசிமாக்கஸ் சீறுவதும் இதற்காகத்தான்: மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு மறுக்கிறீரே, உமது விடையை ஏன் சொல்ல மறுக்கிறீர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவருடைய முரட்டுத்தனத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

கருத்து இருந்தால் அதை முதலில் வைத்துவிடுங்கள். "எனக்கு அந்த மன்னிப்பு பொருந்தவில்லை, முந்தைய பக்கம்வரை அவள் கோபம் தணிந்ததற்கான அறிகுறியே இல்லை என்பது என் காரணம். நான் கவனிக்கத் தவறிய இடம் உண்டா?" இவ்வாறு கேட்டால், மறுக்க விரும்புகிறவருக்கு உங்களைத் தாக்க வேண்டிய தேவை இருக்காது; காரணத்தைத் தாக்கினால் போதும்.

நிதானம்:
எழுத்தில் குரல் கேட்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு மின்னஞ்சலைப் பற்றியது. தாம் கேலியாக எழுதுகிறோமா, உண்மையாக எழுதுகிறோமா என்பது படிப்பவருக்கு எளிதில் விளங்கிவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்களோ அந்த அளவுக்குச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. நேரில் புன்னகையோடு கேட்கும் "ஏன்?" திரையில் விசாரணையாகத் தெரிவதில் வியப்பில்லை. "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்பதைவிட "எதைப் பார்த்து அப்படித் தோன்றியது?" என்பது காயப்படுத்தாது.

இன்னொன்று. கேள்வியைச் செதுக்குவதற்கு நீங்கள் செலவிடும் கவனத்தில் பாதியையாவது, முதலில் வரும் மறுப்புக்கு எப்படிப் பதில் எழுதுகிறீர்கள் என்பதில் செலுத்துங்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் வாய் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். கணித உளவியலாளர் அனடோல் ராப்போபோர்ட்டின் பெயரில் வழங்கும் விவாத நெறியை மெய்யியலாளர் டேனியல் டென்னெட் 2013-இல் எழுதிய நூலில் விளக்கியிருக்கிறார். எதிராளியின் நிலைப்பாட்டை, "நானே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்" என்று அவர் வியக்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும்; உடன்படும் இடங்களையும், அவரிடமிருந்து கற்றுக்கொண்டதையும் குறிப்பிட வேண்டும்; அதன் பிறகே மறுக்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் இப்படிச் செய்தால் பொழுது விடிந்துவிடும் என்பது உண்மைதான். முதல் மறுப்புக்கு மட்டுமாவது செய்யலாம்.

மாலைவாசகி:
மூவருக்கும் நன்றி. என் கருத்தை முதலில் வைத்துவிட்டு, கதையின் வரியைச் சுட்டும்படி கேட்கப் போகிறேன். ஒரு சிறு ஐயம்: "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று மட்டும் எழுதுகிறவரை என்ன செய்வது?

இலக்கணப்பித்தன்:
"எந்தப் பகுதி எனக்குப் புரியவில்லை என்று கருதுகிறீர்கள்?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். விடை வந்தால் பேச்சைத் தொடரலாம். வராவிட்டால் அடுத்தவருக்குப் பதில் எழுதப் போய்விடுங்கள். இரண்டாம் முறை கேட்டால், கதையை மறந்துவிட்டு உங்கள் இருவரையும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடும்.