மக்காச்சோளம் வேகவே மாட்டேன் என்கிறது, அவசரம்!

அவசர அடுப்பு (பிற்பகல் 3.40)
நாலு கதிர். குக்கரில் போட்டு விசில் விட்டேன், வேகவில்லை. மறுபடியும் விட்டேன். இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது, மேல்தோல் மட்டும் ரப்பர் மாதிரி பல்லில் மாட்டுகிறது. உப்பு, மஞ்சள்தூள் எல்லாம் சரியாகத்தான் போட்டேன். 6 மணிக்குள் ஆக வேண்டும். கேஸ் வேறு தீரப்போகிறது. யாராவது சொல்லுங்கள்.

மூணு விசில் (3.44)
எத்தனை விசில்? தண்ணீர் கதிர் முங்க ஊற்றினீர்களா, அடியில் மட்டுமா? ஸ்வீட் கார்னா, நாட்டுக் கதிரா? இந்த மூன்றும் தெரியாமல் என்ன சொல்வது! ஸ்வீட் கார்ன் என்றால் 2 விசிலே அதிகம். நாட்டுக் கதிருக்கு 6, 7 விசில் விட்டு, தீயைக் குறைத்து இன்னும் 10 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது.

வைகைக்கரை நிலா (3.47)
உப்புதான் காரணம். முதலிலேயே உப்புப் போட்டால் தோல் இறுகிவிடும். எங்கள் அம்மா இறக்கின பிறகுதான் உப்புத் தண்ணீரில் முக்குவார்.

தோசைக்கல் துரை (3.49)
குக்கரே வேண்டாம். மைக்ரோவேவில் தோகையை உரிக்காமல் ஒரு கதிருக்கு 4 நிமிடம். வெளியே எடுத்து அடிப்பக்கத்தை வெட்டிவிட்டு, நுனியைப் பிடித்து உதறினால் கதிர் தனியாக வழுக்கிக்கொண்டு வரும். நாரும் ஒட்டாது. நான் 5 வருடமாக வேறு எந்த முறையும் செய்ததில்லை.

மூணு விசில் (3.50)
அவரிடம் மைக்ரோவேவ் இருக்கிறதா என்று கேட்டீர்களா?

பழைய முனி (3.58)
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். பழைய இழைகளைத் தேடிப் பார்த்தால் கை தேய்ந்துவிடாது. வேகவைப்பதில் ஒன்றுமில்லை, வாங்குவதில்தான் இருக்கிறது. கடையில் நகத்தால் ஒரு மணியைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். தண்ணீர் தெறித்தால் பிஞ்சு. பால் வந்தால் வாங்கலாம். நகமே இறங்காவிட்டால் முத்தல், அதை மாட்டுக்குப் போடுங்கள். பறித்த நிமிடத்திலிருந்து மணியில் இருக்கும் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும், வெயிலில் வேகமாக, ஃப்ரிட்ஜில் மெதுவாக. இப்போது கடையில் கிடைக்கும் ஸ்வீட் கார்ன் நாலு நாள் ஆனாலும் இனிக்கிறது என்றால், 1950களில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஜான் லாஃப்னன் என்பவர் சூப்பர் ஸ்வீட் மரபணுவின் அருமையைக் கண்டுகொண்டதால்தான். இதெல்லாம் தெரிந்துகொண்டு சமைத்தால் நல்லது.

அவசர அடுப்பு (4.05)
மஞ்சள் கலர் கதிர்தான். விசில் எண்ணவில்லை, போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வரும்போது சாலையோரத்தில் வாங்கியது. மைக்ரோவேவ் இல்லை. தண்ணீர் போர் தண்ணீர், குடிக்கிற தண்ணீரைக் கதிருக்கு ஏன் ஊற்ற வேண்டும்?

மூணு விசில் (4.07)
இன்றைக்கு வியாழன்!

கெட்டில் கேசவன் (4.10)
போர் தண்ணீர்! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அந்தக் கால்சியம்தான் தோலில் இருக்கும் பெக்டின் என்கிற பசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பருப்பு வேகாமல் போவதும் இதனால்தான். உப்பின் மேல் பழி போடாதீர்கள், நிலா. நல்ல தண்ணீரில் மாற்றி, ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு வையுங்கள்.

தோசைக்கல் துரை (4.13)
மெக்சிகோவில் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தானே மக்காச்சோளத் தோலையே கழற்றுகிறார்கள்? சுண்ணாம்பிலும் கால்சியம்தானே இருக்கிறது? உங்கள் கணக்கு இடிக்கிறதே.

கெட்டில் கேசவன் (4.16)
இடிக்கவில்லை. அங்கே தோலைக் கரைப்பது சுண்ணாம்பின் காரத்தன்மை. போர் தண்ணீரில் கால்சியம் இருக்கும், அந்த அளவு காரத்தன்மை இருக்காது. நான் சோடா சொன்னதும் அதற்குத்தான்.

பெரம்பலூர்க் காடு (4.24)
தண்ணீரை விடுங்கள். சாலையோரம், மஞ்சள், நாலு நாள் என்கிறார். அது தீவனத்துக்குப் போட்ட வீரிய ரகமாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் விளைவதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. சூல்நூல், அதாவது கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல், வெளியே வந்து 20 நாளையொட்டிப் பால் பிடித்திருக்கும்போது ஒடித்தால் அந்தக் கதிரும் தின்ன அருமையாக இருக்கும். ஒரு வாரம் தள்ளினால் மணியில் மாவு கெட்டியாகிவிடும். நுனியில் நூல் கறுகிக் காய்ந்து, மணியின் தலையில் சின்னக் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். குழி இருந்தால் எந்தத் தண்ணீரில் வைத்தாலும் ஸ்வீட் கார்ன் மாதிரி ஆகாது. தின்னலாம், ஆனால் தாடை வலிக்கும்.

வைகைக்கரை நிலா (4.27)
சோளத்துக்கு மருந்து நிறைய அடிக்கிறார்களாமே, அதனால் இப்படி ஆகுமா?

பெரம்பலூர்க் காடு (4.31)
2018இல் படைப்புழு வந்ததிலிருந்து குருத்தில் மருந்து விடாமல் முடியவில்லை அக்கா. ஆனால் மருந்துக்கும் வேகாததற்கும் சம்பந்தமில்லை.

கரிசல்காரன் (4.33)
எல்லோரும் சோளம் சோளம் என்கிறீர்கள். சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. சோளம் என்றால் வெள்ளைச்சோளம், செஞ்சோளம், எங்கள் பக்கத்து இருங்குச்சோளம். அதில் ஏது கடித்துத் தின்னும் கதிர்? மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

தோசைக்கல் துரை (4.35)
மெரினாவில் போய் "மக்காச்சோளம் ஒன்று சுடுங்கள்" என்றா கேட்பீர்கள்? ஊரே சோளம் என்கிறது.

கரிசல்காரன் (4.36)
ஊர் சொல்வதால் கம்பு கேழ்வரகாகிவிடாது.

பழைய முனி (4.41)
கரிசல்காரன் சொல்வது சரி. மெரினா என்றதும் நினைவுக்கு வருகிறது, இவருடைய கதிரைச் சுட்டுத் தின்னச் சொல்லி யாரும் கிளம்ப வேண்டாம். கரியில் வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்ப்பதெல்லாம் பால் கதிருக்கு. முத்தலைச் சுட்டால் இன்னும் கல்லாகும்.

அவசர அடுப்பு (4.52)
குழி இருக்கிறது. நூல் கறுப்பு. சோடா போட்டு 5 விசில் விட்டேன், கொஞ்சம் பரவாயில்லை, என்னால் கடிக்க முடிகிறது. ஆனால் மாமனாருக்கு முடியாது. அவருக்குப் பல்செட்.

மூணு விசில் (4.53)
பல்செட்டா?!

வைகைக்கரை நிலா (4.53)
அடப்பாவமே, இதை அல்லவா முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

அவசர அடுப்பு (4.54)
அவருக்காகத்தானே செய்கிறேன். போனில் மக்காச்சோளம் ஆசையாக இருக்கிறது என்றார்.

வைகைக்கரை நிலா (4.59)
சரி, இனி வேகவைக்காதீர்கள். கதிரை நிமிர்த்திப் பிடித்துக் கத்தியால் மணிகளைச் சீவுங்கள். இஞ்சி, பச்சை மிளகாய், சோம்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் மையாக அரையுங்கள். கையில் அரிசி மாவு, கடலை மாவு இருக்குமே, தலா இரண்டு கரண்டி. சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கிப் போட்டுத் தோசைக்கல்லில் மெல்லிய அடையாகத் தட்டுங்கள். தீ குறைவாகவே இருக்கட்டும், பாதி வெந்த மாவு சீக்கிரம் கருகும். தோல் திப்பி தட்டினால் வடிகட்டிக்கொள்ளலாம். முத்தல் மணியில் மாவு அதிகம் என்பதால் அடைக்கு அதுதான் நன்றாகப் பிடிக்கும்.

பழைய முனி (5.03)
இதையும் பழைய இழை ஒன்றில் நானே எழுதியிருக்கிறேன்.

மூணு விசில் (5.30)
ஆள் என்ன ஆனார்? கேஸ் தீர்ந்துவிட்டதா?

அவசர அடுப்பு (இரவு 9.15)
மூன்று கதிரை அரைத்து அடை சுட்டேன். மாமனார் நாலு சாப்பிட்டார், ஐந்தாவதுக்கு வெண்ணெய் கேட்டார். கடைசி அடை திருப்பும்போது கேஸ் தீர்ந்தது. எல்லோருக்கும் நன்றி, நிலா அக்காவுக்குக் கூடுதலாக.

மூணு விசில் (9.18)
முதல் தடவை எத்தனை விசில் என்று மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை.

கரிசல்காரன் (9.26)
இதே அடையை இருங்குச்சோளத்தில் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். அதற்குப் பெயர் சோள அடை. இன்றைக்கு நீங்கள் சுட்டது மக்காச்சோள அடை.