நீட்டிப்பா, தொடர்ச்சியா? – நெருக்கடி நிலைத் தடைகளுக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1 – கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம். சட்ட மாணவர்களுக்கான பன்னாட்டுச் சட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உக்ரைன் நிலவரத்தை முன்னிட்டு 2014 மார்ச் 6 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா 13660ஆம் நிர்வாக ஆணையால் தேசிய நெருக்கடி நிலையை அறிவித்தார். அதன்கீழ் வந்த பொருளாதாரத் தடைகள் காலாவதியாகாதபடி, அவருக்குப்பின் வந்த அதிபர்களும் ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிட்டு வந்திருக்கிறார்கள். இதை 'நீட்டிப்பு' என எழுதியுள்ளேன். பொருந்துமா?

மடல் 2 – தமிழாசிரியர்

'நீள்' தன்வினை, 'நீட்டு' அதன் பிறவினை. அதன்மேல் மேலும் ஒரு விகுதியை ஏற்றி 'நீட்டிப்பு' என்பது மிகை, 'நீட்டல்' போதும். வள்ளுவர் 'மழித்தலும் நீட்டலும்' என்றது சடைமுடியைக் குறித்தே என்றாலும், சொல்லின் ஆட்சி ஐயமற்றது. 'தடை'யும் தளர்ந்த சொல். ஒரு நாட்டின் செயலுக்காக அதை வருத்துவது 'ஒறுப்பு' அல்லவா? 'பொருளியல் ஒறுப்பு நீட்டல்' எனலாம்.

மடல் 3 – சட்ட விரிவுரையாளர்

ஐயா, 'ஒறுப்பு' தண்டனையைக் குறிக்கும். அமெரிக்கக் கருவூலத் துறை ஒருவர் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்க்க நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. பெயர் ஏறியவர் அங்குள்ள தம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது, வீட்டை விற்க முடியாது. ஆயினும் இரண்டும் அவர் பெயரிலேயே இருக்கும். இது பறிமுதலன்று, முடக்கம். 2014 டிசம்பரில் கிரிமியாவுடனான வணிகத்தை நிறுத்திய 13685ஆம் ஆணைதான் நேர்ப்பொருளில் தடை. பொதுப்பெயராக மக்கள் அறிந்த 'பொருளாதாரத் தடை'யே இருக்கட்டும்.

என் மறுப்பு 'நீட்டிப்பு' மீதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜூலை 31 அன்று ரஷ்யாமீது கொண்டுவந்த துறைசார் தடைகளுக்கு முடிவுநாள் உண்டு. உறுப்பு நாடுகள் ஒருமனதாக அந்நாளை ஆறாறு மாதமாகத் தள்ளிவைத்து வந்தன. அது நீட்டிப்பு. அமெரிக்காவிலோ 1976ஆம் ஆண்டின் தேசிய நெருக்கடி நிலைச் சட்டப்படி, அறிவித்த நாளின் ஒவ்வோர் ஆண்டு நிறைவுக்கும் முந்தைய 90 நாட்களுக்குள் அதிபர் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் அனுப்பாவிட்டால் நெருக்கடி நிலை தானாகவே முடியும். அப்படி அறிவித்துத் தொடரச்செய்வது தடையை அன்று, தடை விதிக்கும் அதிகாரத்தைத் தரும் நெருக்கடி நிலையை. 1979 நவம்பரில் கார்ட்டர் அறிவித்த ஈரான் நெருக்கடி நிலை நாற்பது ஆண்டுகளைக் கடந்ததும் இவ்வழியில்தான். இதை மாணவர் பிரித்தறிய வேண்டும் என்பதால் 'நெருக்கடி நிலைத் தொடர்ச்சி அறிவிப்பு' என்று முன்மொழிகிறேன்.

மடல் 4 – நாளிதழ் மொழிபெயர்ப்பாளர்

'நெருக்கடி நிலை' என்றதும் நம்மவர் 1975இன் தணிக்கையையும் கைதுகளையுமே நினைப்பார்கள். அமெரிக்காவின் இந்த அறிவிப்பிலோ குடிமக்களின் உரிமை எதுவும் நிறுத்திவைக்கப்படவில்லை. 'அவசரநிலை' என்றாலும் அதே குழப்பம் வரும் என்பதால், ஓர் அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டும். செய்தித் தலைப்பு நான்கு சொல் நீளத்தைத் தாங்காது. அங்கே 'தடை நீட்டிப்பு' என்றுதான் எழுதுவேன்.

மடல் 5 – கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

நால்வர் 'தொடர்ச்சி அறிவிப்பு' என்பதை ஏற்றுத் தனிமடல் அனுப்பியுள்ளனர். அமெரிக்க நடைமுறைக்கு அதையும் ஐரோப்பிய நடைமுறைக்கு 'நீட்டிப்பு' என்பதையும் ஆள்கிறேன். அடிக்குறிப்பும் சேர்த்துவிட்டேன்.

மடல் 6 – தமிழாசிரியர்

அச்சு அவசரத்தை மதிக்கிறேன். ஆனால் ஐரோப்பியப் பகுதியிலேனும் 'நீட்டல்' என்று திருத்துங்கள். 'ஒறுப்பு' பற்றிய என் கருத்திலும் மாற்றமில்லை.